பல் வைக்கும் முன் ஈறைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. உங்களுக்காக இல்லாவிட்டாலும், வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவுக்காகப் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், அம்மாவுக்கு நாலஞ்சு பல் ஆடுது. ஈறுல ரத்தம் வருது. எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரேயடியா இம்ப்ளான்ட் வச்சுடலாம்னு இருக்கோம். அப்புறம் பல் தொந்தரவே இருக்காதுல்ல?" என்று கேட்டார். அம்மாவுக்கு நல்லது செய்ய நினைக்கும் பிள்ளை. பணமும் தயார். "கொஞ்சம் பொறுப்பா" என்றேன். அப்படி ஏன் சொன்னேன் என்பதை எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

பணி ஓய்வு பெற்ற மறு வருடம் என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடி ஆடி விழுந்தது. சொத்தையே இல்லாத பல். அதற்கு முன் இரண்டு வருடமாகப் பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. நான் என்ன செய்தேன்? பிரஷ்ஷை மாற்றினேன். முதலில் பார்த்த டாக்டர், "ஈறு நோயை அடக்கிவிட்டு மூன்று மாதம் கழித்து முடிவு செய்யலாம்" என்றார். மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை இல்லை. வேறோர் இடத்தில் உடனே வைத்துக்கொண்டேன். கல்யாணத்தில் நன்றாகச் சிரித்தேன். நாலாவது வருடம் அந்த இடத்தில் சீழ் வந்தது. எக்ஸ்ரே எடுத்தால், திருகைச் சுற்றி எலும்பு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. கழற்றிவிட்டார்கள். இடையில் ஒரு தடவைகூட நான் பரிசோதனைக்குப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இது ஏன் நடக்கிறது? பல் எலும்பில் நேராக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. வேரையும் எலும்பையும் நுண்ணிய நார்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. பல்லின் மேல் படியும் கிருமிப் படலம் நாளடைவில் காரையாக இறுகுகிறது. ஈறு வீங்குகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போல ஒரு பள்ளம் விழுகிறது. உள்ளே எலும்பு மெல்ல மெல்லக் கரைகிறது. பெரும்பாலும் வலியே இருக்காது. பல் ஆடும்போதுதான் நமக்குத் தெரியும்.

இம்ப்ளான்ட் அருமையான கண்டுபிடிப்பு. அதை நான் குறை சொல்லவில்லை. டைட்டானியத்தோடு எலும்பு ஒன்றிப்போகும் என்பதை ஸ்வீடனின் பிரோனெமார்க் 1950களில் முயல் எலும்பை ஆராயும்போது கண்டார். 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அந்த மனிதர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவற்றை வைத்தே சாப்பிட்டார். டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் ஈறும் எலும்பும் நம்முடையவைதானே? இயற்கைப் பல்லுக்கு இருக்கும் நார்க்கட்டு இம்ப்ளான்ட்டுக்குக் கிடையாது. அதனால் கிருமி இறங்கினால் எலும்பை வேகமாக அரிக்கும். இதற்கு பெரி-இம்ப்ளான்டைடிஸ் என்று பெயர். ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். கறையானை ஒழிக்காமல் புது நிலைக்கதவு போட்டால் என்ன ஆகும்?

அதற்காக ஈறு நோய் வந்தவர்களுக்கு இம்ப்ளான்ட் கூடாது என்பதில்லை. வைக்கலாம், நன்றாகவே நிற்கும். வரிசைதான் முக்கியம். முதலில் காரையை எடுத்து, ஈறுக்குக் கீழே வேர்வரை சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் ஈறு அறுவை சிகிச்சை. நோய் அடங்கிய பிறகே இம்ப்ளான்ட். அதன் பின்னும் ஆயுள் முழுக்கப் பராமரிப்பு.

"வயசானவங்களை எத்தனை தடவை அலைக்கழிப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இம்ப்ளான்ட் வைத்தாலும் அலைச்சல் உண்டு. இன்னொன்று, ஆடும் பல் எல்லாமே போக வேண்டிய பல் அல்ல. வீக்கம் வடிந்ததும் சில பற்கள் ஓரளவு இறுகிவிடும். எது தேறும், எது தேறாது என்பது சிகிச்சைக்குப் பிறகுதான் தெளிவாகும். பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க முடியாது. ஈறு சிகிச்சைக்கு ஆகும் செலவும் இம்ப்ளான்ட் செலவில் சிறு பங்குதான்.

"கிளீனிங் செய்தால் பல் ஆடும்" என்பது நம் வீடுகளில் இன்னும் ஓடும் பேச்சு. பல்லை ஆட வைத்தது நோய். காரை அதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் கூடும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினம். புகைப்பவர்களுக்கு ரத்தம் குறைவாகவே வரும் என்பதால் நோய் வெளியே தெரியாது. கிளாஸில் பின் பெஞ்சில் உட்கார்ந்த சிலரை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இம்ப்ளான்ட் வைக்கச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. எல்லாப் பல்லைச் சுற்றியும் ஈறுப் பள்ளத்தை அளந்தீர்களா, எத்தனை மில்லிமீட்டர்? (மூன்று வரை சாதாரணம்.)
2. ஈறு சிகிச்சைக்குப் பிறகு மறுபடி எப்போது அளப்பீர்கள்?
3. வைத்த பிறகு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், வீட்டில் எப்படிச் சுத்தம் செய்வது?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு நோய்க்கென்று தனித் துறையே இருக்கிறது. அங்கே போய் இன்னொரு கருத்துக் கேட்கலாம்.

அந்த மாணவர் அம்மாவை ஈறு நிபுணரிடம் அழைத்துப்போனார். இரண்டு பல்லை எடுக்கத்தான் வேண்டுமாம். மற்றவற்றுக்குச் சிகிச்சை நடக்கிறது. மூன்று மாதம் கழித்து முடிவு செய்வார்கள். என் வாயில் அந்த இடம் இன்றும் காலிதான்.

எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். இன்று இரவு பல் துலக்கித் துப்பும்போது விளக்கைப் போட்டுப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் பிரஷ்ஷை மாற்றாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.