பள்ளிக்கூடச் சம்பளத்திற்கு வரியா?

இங்கிலாந்து தேசத்தில் 2025ஆம் வருஷம் ஜனவரி மாதம் 1ந் தேதி முதல், தனியார் பள்ளிக்கூடங்களில் கட்டப்படும் சம்பளத்தின்மீது 100-க்கு 20 வீதம் வரி வாங்கப்பட்டு வருகின்றது. இதை எதிர்த்துப் பெற்றோர்கள் சிலரும் பள்ளிக்கூடங்கள் சிலவும் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வருஷம் ஜூன் மாதத்தில் லண்டன் ஹைகோர்ட்டில் அவ்வழக்கு தள்ளுபடியாயிற்று.

இந்தச் சேதியைப் பற்றி நமது கம்பம் பள்ளத்தாக்குத் தோழர்களிடையே ஒரு விவாதம் நடந்து வருகின்றது. "பணமுள்ளவன் தன் பிள்ளைக்குத் தனிப் பள்ளிக்கூடம் தேடிக்கொள்கிறான், அவனிடம் வரி வாங்கி ஏழைப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் என்ன தப்பு?" என்று சிலர் கேட்கின்றார்கள். "இப்போதே சம்பளம் கட்ட முடியாமல் தாலிக்கொடி அடகுக் கடையில் கிடக்கிறது, அதன் தலையில் வரியுமா?" என்று வேறு சிலர் கேட்கின்றார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசவில்லை என்பதுதான் சங்கடம்.

இங்கிலாந்தில் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 7 பேர்தான் தனியார் பள்ளிக்கூடங்களில் படிக்கின்றார்கள். மற்றப் பேரெல்லாம் சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடங்களில்தான். அந்த 7 பேர் வீட்டிலிருந்து வரும் வரியைக் கொண்டு மற்றப் பள்ளிக்கூடங்களுக்கு 6,500 புதிய உபாத்தியாயர்களை நியமிக்கப் போவதாக அந்த சர்க்கார் சொல்லிற்று. அங்கும் வயிற்றைக் கட்டிச் சம்பளம் கட்டுகிற நடுத்தரக் குடும்பங்களும், ஊனமுற்ற பிள்ளைகளுக்காக வேறு வழியில்லாமல் தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்களும் இருக்கவே செய்கின்றார்கள். நியூசிலாந்தில் 100-க்கு 15 வீதம் வாங்குகின்றார்கள். கிரீஸ் தேசத்தில் 2015-ல் 100-க்கு 23 என்று போட்டுப் பார்த்து, சில மாதங்களிலேயே கைவிட்டார்கள். ஆகவே, வெள்ளைக்காரன் செய்துவிட்டான் என்பதற்காக நாமும் செய்யவேண்டுமென்றோ, செய்யக்கூடாதென்றோ சொல்லுவது அறிவுள்ள பேச்சு ஆகாது. இங்கே அந்தச் சம்பளத்தைக் கட்டுகிறவன் யார் என்று பார்க்கவேண்டும்.

விடியற்காலை 5 மணிக்குக் கம்பத்திலோ கூடலூரிலோ போடியிலோ ரஸ்தாவில் நின்று பாருங்கள். ஏலத் தோட்டத்து வேலைக்குப் பெண்கள் ஜீப்புகளில் அடைந்துகொண்டு கம்பமெட்டு வழியாகவும், குமுளி வழியாகவும், போடிமெட்டு வழியாகவும் மலையேறுகின்றார்கள். மூன்று மணி நேரம் கழித்து அதே ரஸ்தாவில் மஞ்சள் நிற வேன்கள் வருகின்றன. கழுத்தில் டை கட்டிய பிள்ளைகள் அதில் ஏறிக்கொள்கின்றன. நன்றாய் விசாரித்துப் பார்த்தால், அந்த வேனில் போகிற பிள்ளைகளில் பலர் அந்த ஜீப்பில் போன தாய்மாரின் பிள்ளைகள்!

அப்படிப்பட்ட ஒரு அம்மாளிடம் நாம் கேட்டோம். "ஊரிலேயே சர்க்கார் பள்ளிக்கூடம் இருக்கிறதே அம்மா, சோறும் போடுகிறார்கள், புஸ்தகமும் கொடுக்கிறார்கள், பிறகு ஏன் இந்தக் கடன்?" என்றோம். அந்த அம்மாள் சொன்ன பதில்: "வாத்தியாரு நல்லவருதாண்ணே. ஆனா அஞ்சு வகுப்புக்கும் ரெண்டே வாத்தியாரு. எம் புள்ளைக்கு இங்கிலீசு வராட்டி நாளைக்கு அதுவும் இந்த ஜீப்புலதான ஏறணும்?"

இந்தப் பதிலுக்கு மேல் ஒரு கல்வி நிபுணன் என்ன சொல்லிவிடப் போகிறான்? 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில், 60 பிள்ளைகள் வரையில் உள்ள ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு 2 உபாத்தியாயர் போதுமென்று எழுதியிருக்கின்றார்கள். வகுப்போ அய்ந்து. ஒரு உபாத்தியாயர் கூட்டத்துக்கோ கணக்கெடுப்புக்கோ போய்விட்டால், மிஞ்சுவது ஒருவர். அதைப் பார்த்துப் பத்துப் பேர் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பிள்ளை குறைந்தது என்று உபாத்தியாயரையும் குறைக்கிறார்கள். உபாத்தியாயர் குறைந்தார் என்று இன்னும் பத்துப் பேர் போகிறார்கள். பள்ளிக்கூடம் இப்படித்தான் சாகிறது. பிறகு "ஜனங்களுக்கு இங்கிலீஷ் மோகம்" என்று ஏழைகள்மேல் பழி போட்டுவிடுகின்றார்கள்.

எனவே அந்த அம்மாள் கட்டுகிற சம்பளமே ஒரு வரிதான் என்பது நமது அபிப்பிராயம். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது உபாத்தியாயர் இல்லாததற்கு அந்த அம்மாள் கட்டும் அபராதம் அது. பிள்ளைக்கு வருஷம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-க்கு 18 வீதம் வரி போட்டால் 5,400 ரூபாய்; இரண்டு பிள்ளைகளுக்கு 10,800. நாள் கூலி 500 என்றால், வருஷத்தில் 21 நாளுக்கு மேல் அந்த வரிக்காக மட்டும் மலையேறவேண்டும். இதை "பணக்காரன்மேல் வரி" என்று யாராவது சொன்னால், அவர் மஞ்சள் வேனைப் பார்த்திருக்கிறாரே ஒழிய ஜீப்பைப் பார்த்ததில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, இப்போது வரியே இல்லையா என்றால், அங்கேதான் வேடிக்கை. 2017 ஜூலை 1ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது முதல் 12ஆம் வகுப்பு வரையிலான பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு வரி கிடையாது. பெரியகுளத்துக்கு நேர் மேலே தெரிகிறதே கொடைக்கானல் மலை, அங்கே வருஷத்துக்கு லட்சக்கணக்கில் வாங்குகிற விடுதிப் பள்ளிக்கூடத்துச் சம்பளத்துக்கும் கிடையாது. ஆனால் அதே காலத்தில், நம்மூர் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை பெட்டிக்கடையில் வாங்கிய நோட்டுப் புஸ்தகத்துக்கும் பென்சிலுக்கும் 100-க்கு 12 வரி! லட்ச ரூபாய்ச் சம்பளத்துக்குப் பூஜ்யம், பென்சிலுக்குப் பன்னிரண்டு. இந்த யோக்கியதையில் எட்டு வருஷங்களுக்கு மேல் நடந்து, 2025 செப்டம்பர் 22ந் தேதிதான் நோட்டுக்கும் பென்சிலுக்கும் வரி நீக்கப்பட்டது. எடுத்துவிட்டார்கள் என்பதில் சந்தோஷமே. போட்டவர்களுக்கு வெட்கம் வந்ததாக மட்டும் தெரியவில்லை.

இன்னொரு சங்கதி. சம்பளத்துக்கு வரி இல்லை என்பதால், பள்ளிக்கூடக்காரர் தாம் வாங்கும் சிமெண்டுக்கும் பெஞ்சிக்கும் கம்ப்யூட்டருக்கும் கொடுத்த வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. அதையும் சம்பளத்தில்தான் ஏற்றுவார். ஆகவே ரசீதில் எழுதாத வரியை நாம் இப்போதே கட்டிக்கொண்டுதான் இருக்கின்றோம். இங்கிலாந்தில் வரி போட்ட பிறகு இப்படிக் கழித்துக்கொள்ள இடமுண்டு. அது ஒன்றுதான் அந்த ஏற்பாட்டில் பள்ளிக்கூடக்காரருக்குக் கிடைத்த ஆறுதல்.

கல்விக்கென்றே ஒரு வரியும் உண்டு. வருமான வரி முதலியவைகளின்மேல் 2004-ல் 100-க்கு 2 என்று கல்வி வரி போட்டார்கள். 2007-ல் இன்னும் 1 சேர்த்தார்கள். 2018 முதல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 ஆக்கினார்கள். "செஸ்" என்று அதற்குப் பெயர் வைத்திருப்பதால், அதில் மாகாணங்களுக்குப் பங்கு கொடுக்கவேண்டியதில்லை. கொடுக்கவேண்டிய வேறு பணத்தையும், புதிய கல்விக் கொள்கைப்படி ஏற்படுத்தப்பட்ட பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, 2024-25ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டுக்கு 2,152 கோடி ரூபாய் அளவில் டில்லி நிறுத்திவைத்தது. கல்வியின் பேரால் வரி வாங்குவது ஒருவர், பள்ளிக்கூடம் நடத்துவது இன்னொருவர் என்றால், கம்பத்து உபாத்தியாயர் எண்ணிக்கை எப்படி உயரும்? இந்த லட்சணத்தில் இன்னொரு வரியைப் போட்டு அதையும் டில்லிக்கு அனுப்பச் சொல்லுவது, ஓட்டைச் சாலில் தண்ணீர் இறைப்பதுபோலத்தான்.

அப்படியானால் வரியே கூடாதா? நாம் அப்படிச் சொல்லவில்லை. நம் ஜனங்கள் வரி என்றால் பயப்படுகிறவர்கள் அல்லர். சித்திரையிலும் வைகாசியிலும் ஊர்தோறும் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எடுக்கிறார்களே, எவனாவது "என்னால் முடியாது" என்று சொல்லுகிறானா? கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மறு வருஷமே, "நானும் ஒரு தலைக்கட்டு, என் பேரையும் எழுதுங்கள்" என்று வீம்புக்கு நிற்கிறான். கடன் வாங்கியாவது கட்டுகிறான். அந்தப் பணம் வாணவேடிக்கையாகவும், ஒலிபெருக்கியாகவும், கிடாய் வெட்டாகவும் மூன்று நாளில் போய்விடுகிறது. சாமிக்குக் கணக்குக் கேட்கிறவன் இல்லை. ஆனால் "பள்ளிக்கூடத்துக்கு ஒரு மூன்றாவது உபாத்தியாயர் வைக்க வீட்டுக்கு நூறு ரூபாய்" என்று சொல்லிப் பாருங்கள். "அது சர்க்கார் வேலையல்லவா?" என்று அத்தனை பேரும் சட்டம் பேசுவார்கள். மழை பெய்விப்பது மாரியம்மன் வேலை என்று சொல்லிவிட்டு அதற்கு மாத்திரம் நாம் ஏன் வரி கொடுக்கவேண்டும் என்று ஒருவனும் கேட்பதில்லை!

இதற்கு மாறாக நடந்ததும் நம் பக்கத்திலேயே உண்டு. கோயிலுக்குள்ளும் தெருவுக்குள்ளும் விடப்படாமலிருந்த நாடார் சமூகத்து வியாபாரிகள், தங்கள் சரக்கின்மேல் தாங்களே மகமை என்று ஒரு வரியைப் போட்டுக்கொண்டார்கள். விருதுநகரில் 1889-ல் க்ஷத்திரிய வித்தியாசாலா பள்ளிக்கூடம் ஏற்பட்டது அப்படித்தான். நமது தேனியிலும் உறவின்முறையின் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் கண்ணெதிரே இருக்கின்றன. மூட்டைக்கு இத்தனை காசு என்று கொடுத்தவன் முணுமுணுக்காமல் ஏன் கொடுத்தான்? கொடுத்த காசு சுவராய் எழும்பி நிற்பதைத் தினமும் பார்த்தான். கணக்கையும் கூட்டத்தில் கேட்டான். ஜாதியின் பேரால் எடுத்தார்கள் என்பதில் நமக்கு வருத்தம் உண்டு. ஆனால் ஜாதியின் பேரால் முடிந்த காரியம் ஊரின் பேரால் முடியவில்லை என்றால், அந்த வருத்தம் நம்மேல்தான் திரும்பும்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். சம்பளத்தின்மேல் வரி போடுவதானால், வருஷம் லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்துக்குப் போடட்டும். ஜீப்பில் போகிற தாயின் சம்பளத்தைத் தொடவேண்டாம். அந்த வரி டில்லிக்குப் போகாமல், இப்போது வீட்டு வரியோடு நூலக வரி எடுக்கிறார்களே, அதுபோல ஜில்லாவிலேயே தங்கி, அந்த ஜில்லாவின் சர்க்கார் பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கே செலவாகவேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு போயிற்று என்று அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரிலேயே எழுதிவைக்கவேண்டும். "தர்ம ஸ்தாபனம்" என்ற பெயரில் வருமான வரி கட்டாமல், கல்வியல்லாத காரியங்களில் லாபத்தைப் போடுகிற பள்ளிக்கூடங்களின் கணக்கை ஒழுங்காய்ப் பரிசோதித்தாலே பாதிப் பணம் கிடைக்கும். கல்விக்காக மட்டுமே நடப்பதற்குத்தான் அந்தச் சலுகை என்று சுப்ரீம் கோர்ட்டே 2022 அக்டோபரில் சொல்லியிருக்கிறது.

இதில் ஒரு ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கவில்லை. லட்சத்துக்கு மேல் வரி என்றால், பள்ளிக்கூடக்காரர் ரசீதில் 99,000 எழுதிவிட்டு மீதியை ரசீதில்லாமல் வாங்குவார். 2009-ல் சம்பளக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, நீதிபதியின் தலைமையில் கமிட்டி போட்ட பிறகும் என்ன நடந்தது என்று பெற்றோர்களுக்குத் தெரியும். ரசீது இல்லாமல் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறவரையில் எந்தச் சட்டமும் அரைச் சட்டமாகத்தான் நிற்கும்.

அடுத்த கிராம சபைக் கூட்டம் நடக்கும்போது தோழர்கள் இரண்டு கணக்கைக் கேட்கட்டும். போன திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எவ்வளவு வசூலாயிற்று என்பது ஒன்று. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்புக்கு எத்தனை உபாத்தியாயர் என்பது மற்றொன்று. ஜீப்பில் போகிற அந்த அம்மாளால் கூட்டத்துக்கு வர முடியாது. விடுமுறை நாளிலும் ஏலக்காய்ப் பறிப்பு உண்டு. அவருக்காக யார் கேட்கப் போகிறீர்கள்?