எஸ்.எஸ்.டி. விலை ஏறியது ஏன்?



2026 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கிய செய்தியைப் படித்திருப்பீர்கள். உங்கள் வீட்டு அக்காவோ அண்ணனோ ஒன்று வாங்கி வந்திருக்கவும் கூடும். அதன் விவரக் குறிப்பில் '256 ஜிபி எஸ்.எஸ்.டி.' என்று இருக்கும். 2011 செப்டம்பரில் இலவச மடிக்கணினித் திட்டம் முதன்முதலில் தொடங்கியபோது தந்த கணினிகளில் இருந்ததோ 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்!

இதென்ன கணக்கு? பதினான்கு ஆண்டுகள் கழித்து, கூட்டுவதற்குப் பதில் குறைத்துவிட்டார்களா? இடம் குறைந்தது உண்மைதான். ஆனால் பொருளே வேறு.

ஹார்ட் டிஸ்க் என்பது ஒரு தட்டு. மடிக்கணினியில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அதன்மேல், நம் தலைமுடியின் தடிமனைவிட மிக மிகக் குறைந்த இடைவெளியில் ஒரு சிறு முனை மிதந்துகொண்டு எழுதும், படிக்கும். நீங்கள் கேட்ட கோப்பு தட்டின் எந்த மூலையில் இருக்கிறதோ, அங்கே முனை போய்ச் சேரும்வரை கணினி காத்திருக்க வேண்டும். ஓடும்போது கீழே விழுந்தால் கதை முடிந்தது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. எல்லாம் சில்லுகளே. அதனால்தான் பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினால், கிழவனுக்குக் கால் முளைத்ததுபோல் ஓடுகிறது.

மின்சாரம் போன பிறகும் சில்லு எப்படி நினைவில் வைத்திருக்கிறது? எங்கள் சந்தவாசல், ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பட்டுத் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதில் துளை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். துளை இருந்தால் அந்தப் பாவு இழை மேலே தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. சேலைக் கரையில் வரும் மயிலும் மாங்காயும் 'துளை உண்டு, துளை இல்லை' என்ற இரண்டே எழுத்துகளில் அட்டையில் எழுதப்பட்டிருக்கின்றன. கரண்ட் போனாலும் அட்டை மறக்காது! எஸ்.எஸ்.டி.யிலும் இதே கதைதான். கோடானுகோடி நுண்ணிய அறைகள். துளைக்குப் பதில் எலெக்ட்ரான்கள். அறையைச் சுற்றி மின்சாரம் கடத்தாத சுவர் இருப்பதால், உள்ளே போனவை எளிதில் வெளியேற முடியாது. (இப்போது மின்னணு ஜக்கார்டும் வந்துவிட்டது. அதில் டிசைன் பென் டிரைவிலிருந்து போகிறது. அட்டையின் வேலையை அதன் பேரப்பிள்ளை பார்க்கிறது!)

இந்த ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. 1984-இல் முதல் வகையையும், 1987-இல் இன்று எஸ்.எஸ்.டி.யில் உள்ள 'நாண்ட்' வகையையும் உலகுக்கு அறிவித்தார். 1991-இல் சன்டிஸ்க் என்ற அமெரிக்க நிறுவனம் ஐ.பி.எம்.முக்காக ஓர் எஸ்.எஸ்.டி. செய்தது. கொள்ளளவு 20 எம்பி. விலை சுமார் 1,000 டாலர். அந்த விலையில் 256 ஜிபி வாங்க வேண்டுமானால் என்ன ஆகும்? பென்சிலை எடுங்கள். 1 கோடியே 28 லட்சம் டாலர்! இந்தியாவிலோ 2023-இல் 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ரூ.1,500 அளவில் கிடைத்தது.

இவ்வளவு மலிந்ததற்கு இரண்டு தந்திரங்கள் உதவின. ஒரு குடம் காலியா, நிறைந்ததா என்று மட்டும் பார்த்தால் ஒரே ஒரு செய்தியைத்தான் குறிக்கலாம். தண்ணீரின் அளவைப் பதினாறு படியாகப் பிரித்துப் பார்த்தால், அதே குடத்தில் நான்கு மடங்கு செய்தி அடங்கும். அறைகளிலும் அப்படித்தான் செய்தார்கள். (இப்படி நுணுக்கமாக அளப்பதால் அறை சீக்கிரம் தேய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) இரண்டாவது, மாடி கட்டுவது. 2013-இல் சாம்சங் 24 அடுக்குச் சில்லு கொண்டுவந்தது. 2024-இல் எஸ்.கே. ஹைனிக்ஸ் 321 அடுக்குக்குப் போய்விட்டது. நிலம் அதே அளவு. வீடுகள் பல மடங்கு.

இப்படி இறங்கிக்கொண்டே வந்த விலை 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஏறத் தொடங்கியது. ஏன்?

தக்காளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் அளவுக்கு மீறி விளைந்து, விலை சரிந்து, பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை என்றால் அடுத்த முறை யார் பயிரிடுவார்கள்? 2023-இல் நினைவகச் சில்லு செய்பவர்களுக்கு அதுதான் நேர்ந்தது. பெரும் நஷ்டப்பட்டு உற்பத்தியைக் குறைத்தார்கள். அந்தச் சமயம் பார்த்துச் செயற்கை நுண்ணறிவு வந்து நின்றது. அதற்காகக் கட்டப்படும் பிரம்மாண்டமான தரவு மையங்களுக்குச் சில்லு மூட்டை மூட்டையாக வேண்டும். அவர்கள் விலை பார்ப்பதில்லை. தக்காளியாவது சில மாதங்களில் காய்த்துவிடும். சில்லு ஆலை கட்டச் சில ஆண்டுகள் ஆகும். உலகில் இந்தச் சில்லைப் பெரிய அளவில் செய்பவர்களையோ விரல் விட்டு எண்ணிவிடலாம்.

2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வீட்டுக் கணினிக்காரர்கள் கடையில் வாங்கும் தன் 'குருஷியல்' நினைவக வியாபாரத்தை நிறுத்திவிட்டு, பெரிய வாடிக்கையாளர்களுக்குச் சரக்குத் தரப்போவதாகச் சொன்னது. மலிவான எஸ்.எஸ்.டி. என்றால் நம் ஊர்க் கணினிக்கடைகளில் எடுத்துத் தந்த பெயர்களில் குருஷியலும் ஒன்று. மைக்ரானின் தலைவர் யார் தெரியுமா? கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா. மேலே சொன்ன சன்டிஸ்க்கை 1988-இல் தொடங்கிய மூவரில் அவரும் ஒருவர். எஸ்.எஸ்.டி. வீட்டுக்கு வர வழி வெட்டியவர்களில் ஒருவரே அந்தக் கடையைச் சாத்தும்படி ஆயிற்று. வியாபாரக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். மகனுக்கு ஒரு கணினி வாங்கக் கூலியில் மிச்சம் பிடிக்கும் நெசவாளிக்கு அது சரியல்ல என்பது என் எண்ணம்.

விலை மறுபடி இறங்குமா? இறங்கும் என்றே நினைக்கிறேன். 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஆலைகள் மூழ்கி ஹார்ட் டிஸ்க் விலை கிடுகிடுவென ஏறியது. ஆலைகள் மீண்டதும் இறங்கியது. ஆனால் இந்த முறை வந்திருப்பது வெள்ளமல்ல, பணக்காரப் போட்டியாளர். வடிய நாளாகும். குஜராத்தின் சானந்தில் மைக்ரான் ஆலை அமைத்திருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே நடப்பது சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் வேலை. வேலைவாய்ப்புக்கு நல்லது. ஆனால் சில்லின் விலையை அது தீர்மானிக்காது.

விலை ஏறினால் போலி பெருகும். '2 டிபி பென் டிரைவ் ரூ.500' என்று ஆன்லைனில் பார்த்தால் அப்பாவை வாங்கவிடாதீர்கள். உள்ளே இருப்பது சில ஜிபிதான். 2 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதற்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். பொய் சொன்ன அளவுக்குக் கோப்புகளை ஏற்றியபின் திறந்து பார்த்தால், பள்ளி ஆண்டு விழாப் படங்கள் பாதிக்குமேல் காணாமல் போயிருக்கும். உண்மைக் கொள்ளளவைச் சோதிக்க இலவச மென்பொருள்கள் உண்டு.

பழைய அரசு மடிக்கணினி பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பாடம் படிக்க, தட்டச்சு பழக, கணக்குப் போட 256 ஜிபி எஸ்.எஸ்.டி. தாராளம்; 128 ஜிபி கிடைத்தாலும் போதும். வீட்டில் விண்டோஸ் 10 அல்லது 11 கணினி இருந்தால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய் டிஸ்க் என்ற வரியைப் பாருங்கள். அதன் அருகில் எஸ்.எஸ்.டி.யா, எச்.டி.டி.யா என்று எழுதியிருக்கும். எச்.டி.டி. என்றால் உள்ளே தட்டு சுழல்கிறது என்று பொருள். ஓடும்போது தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம்.