‘லொகேஷன் ஹிஸ்டரி’ ஆஃப்... ஆனாலும் போன இடமெல்லாம் பதிவானது எப்படி? ஒரு ஹெல்ப் பக்கம் கிளப்பிய வழக்குகள்

போனில் ‘லொகேஷன் ஹிஸ்டரி’யை ஆஃப் செய்கிறீர்கள். அதற்கு என்ன அர்த்தம்? ‘நான் போற இடத்தையெல்லாம் இனிமே சேமிக்காதே’ என்பதுதானே? நீங்களும் நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்ட் வரை கூகுளின் ஹெல்ப் பக்கமும் அதையேதான் சொன்னது. லொகேஷன் ஹிஸ்டரியை ஆஃப் செய்துவிட்டால், நீங்கள் செல்லும் இடங்கள் அதன்பிறகு சேமிக்கப்படாது என்று நேரடியாகவே எழுதியிருந்தார்கள்.

ஆனால், சேமிக்கப்பட்டன.

2018 ஆகஸ்ட் 13 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதை அம்பலப்படுத்தியது. லொகேஷன் ஹிஸ்டரியை நிறுத்திய பிறகும், மேப்ஸைத் திறந்தாலே போதும், அந்த நேரத்தில் போன் எங்கே இருந்தது என்பது பதிவானது. இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத சில தேடல்களிலும் இதே கதைதான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து உறுதிசெய்தனர்.

எப்படி? சுவிட்ச் ஒன்றல்ல, இரண்டு. இன்னொன்றின் பெயர் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’. அந்தப் பெயரில் லொகேஷன் என்ற வார்த்தையே கிடையாது. ஆனால், இடத் தகவலைச் சேமித்தது அதுதான். கணக்கு தொடங்கும்போதே அது ஆன் நிலையில் இருக்கும். அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால்தானே தேடிப்போய் நிறுத்த முடியும்!

ஒரு அபார்ட்மென்ட்டை யோசித்துப் பாருங்கள். வாசலில் செக்யூரிட்டி அண்ணன் நோட்டுப் புத்தகத்தில் நீங்கள் வருவதையும் போவதையும் எழுதுகிறார். நீங்கள் ஆட்சேபிக்கிறீர்கள். ‘சரி, இனிமே எழுத மாட்டோம்’ என்கிறது அசோசியேஷன். நோட்டு மூடப்படுகிறது. லிஃப்ட்டுக்கு மேலே இருக்கும் கேமரா மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ‘நோட்டில் எழுத மாட்டோம்னுதானே சொன்னோம்’ என்றால், சொன்னது பொய் இல்லைதான். ஆனால், நீங்கள் கேட்டது அது இல்லையே?

இந்த விவகாரத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் ‘லொகேஷன் ஹிஸ்டரி’ என்பது சாதாரணச் சொல்: போன இடங்களின் பட்டியல். கூகுளுக்குள் அது ஒரு குறிப்பிட்ட வசதியின் பெயர், அவ்ளோதான். ஹெல்ப் பக்கத்தை வாசிப்பவர் முதல் அர்த்தத்தில் வாசிக்கிறார்; மென்பொருள் இரண்டாவது அர்த்தத்தில் வேலை செய்கிறது. ஹெல்ப் பக்கம் ‘செட்டிங்ஸ்’ போகச் சொல்லி, ஆப்பில் ‘பிரிஃபரன்சஸ்’ என்று இருந்தால் நாம் கொஞ்சம் தேடிவிட்டுக் கண்டுபிடித்துவிடுவோம். எரிச்சல்தான், ஆபத்தில்லை. ஆனால், பெயர் புரிந்துவிட்டதாக நினைத்து, தவறாகப் புரிந்துகொண்டால் தேடவே மாட்டோம். இதுதான் மோசம்.

செய்தி வெளியான சில நாட்களிலேயே அந்த ஹெல்ப் பக்கம் மாறியது. இந்த செட்டிங் போனின் மற்ற லொகேஷன் சேவைகளைப் பாதிக்காது. தேடல், மேப்ஸ் போன்றவற்றின் வழியாகச் சில இடத் தகவல்கள் சேமிக்கப்படலாம் என்ற விளக்கம் சேர்ந்தது. வாக்கியம் மாறியதே தவிர, விஷயம் அத்தோடு முடியவில்லை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2020 மே மாதம் வழக்கு தொடுத்தது. அதில் வெளியான ஆவணங்கள்தான் சுவாரஸ்யமே. கூகுளின் சொந்த ஊழியர்களே, ‘என் போனில் லொகேஷன் டிராக்கிங் ஆஃப் ஆகியிருப்பதாக நினைத்திருந்தேன்’ என்கிற ரீதியில் உள்ளுக்குள் புலம்பியிருந்தார்கள். அங்கே வேலை பார்ப்பவருக்கே இந்த நிலைமை என்றால் நம்ம கதி? இந்த வழக்கு 2022 அக்டோபரில் 8.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அடுத்த மாதமே 40 அமெரிக்க மாநிலங்களுடன் 39.15 கோடி டாலருக்கு இன்னொரு சமரசம். இது பழைய கொள்கைகள் பற்றியது, அவற்றை ஏற்கெனவே மாற்றிவிட்டோம் என்பது கூகுளின் பதில்.

ஆஸ்திரேலியாவில் விஷயம் தீர்ப்பு வரை போனது. ஆண்ட்ராய்டு போனில் வாசகர் பார்த்த வாசகங்களில் சில தவறாக வழிநடத்தக்கூடியவை என்று 2021 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் கூறியது. 2022 ஆகஸ்ட்டில் 6 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம். சுமார் 13 லட்சம் கணக்குகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது அந்நாட்டு நுகர்வோர் ஆணையத்தின் மதிப்பீடு. நீதிமன்றம் பார்த்தது, அந்தத் திரையை வாசிக்கும் சாதாரண ஆள் என்ன புரிந்துகொள்வார் என்பதை. நிறுவனத்தின் அகராதியில் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்பதை அல்ல.

இந்தியாவில் என்ன நிலை? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 ஒப்புதல் கேட்கும் வாசகம் தெளிவான, எளிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் அல்லது எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றில் வாசிக்கும் வாய்ப்பையும் தர வேண்டும். அதில் தமிழும் உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. ஒப்புதல் தொடர்பான பகுதிகள் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் அமலுக்கு வருகின்றன.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், ஆங்கிலத்திலேயே குழப்பிய ஒரு பெயர் தமிழில் எப்படி வரும்? பட்டனில் ‘ஆக்டிவிட்டி’, அறிவிப்பில் ‘செயல்பாடு’, ஹெல்ப் பக்கத்தில் ‘நடவடிக்கை’ என்று மூன்று இடத்தில் மூன்று சொல் வந்தால், மூன்றும் ஒன்றுதான் என்று யார் சொல்வது? ஒவ்வொரு வாக்கியமும் எளிய தமிழாகவே இருக்கலாம். அப்போதும் பட்டனைக் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கிடையே ‘லொகேஷன் ஹிஸ்டரி’ என்ற பெயரே போய்விட்டது. 2023 டிசம்பர் அறிவிப்புக்குப் பிறகு அது ‘டைம்லைன்’. பதிவுகளும் உங்கள் போனிலேயே இருக்கும்படி மாற்றப்பட்டது. ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ அதே பெயரில் தொடர்கிறது.

உங்கள் கணக்கில் பார்க்க வேண்டுமா? கூகுள் அக்கவுன்ட்டில் ‘டேட்டா அண்ட் பிரைவசி’ பகுதிக்குப் போங்கள். டைம்லைன், வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி இரண்டையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். ஒன்றை ஆஃப் செய்தால் மற்றது ஆஃப் ஆகாது. இன்னொன்று: ஆஃப் செய்தால் நிற்பது இனிமேல் வரும் பதிவுகள் மட்டும்தான். ஏற்கெனவே சேர்ந்த பழசு அங்கேயே இருக்கும், அதற்கு டெலிட் தனியாகக் கொடுக்க வேண்டும். 3, 18 அல்லது 36 மாதங்களுக்கு மேல் பழையதான பதிவுகள் தானாக அழியும்படி வைக்கும் வசதியும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் பெயர் ‘ஆட்டோ டெலிட்’. இந்தப் பெயராவது சொன்னதைச் செய்கிறது.