கைப்பக்குவம் பிறப்பிலே வருவதா?

"அவளுக்கு நல்ல கைப்பக்குவம்" என்று புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சிக்குள் ஒரு தந்திரமும் இருக்கிறது. சமையல் பிறவி வரம் என்றால், அது வாய்க்காத ஆண் கற்கவேண்டியதில்லை. வாய்த்த பெண் அடுப்படியை விட்டு வெளியே வரவும் முடியாது.

கைப்பக்குவம் என்பது கவனமும் பழக்கமும்தான். இரணைமடுக் குளத்து நீரில் நெல் விளையும் உருத்திரபுரத்தைப் பாருங்கள். காலபோக அறுவடை முடிந்து புதுநெல் அரிசி உலைக்கு வரும்போது, பழைய அரிசிக்கு விடுகின்ற அளவிலேயே தண்ணீர் விட்டால் சோறு குழைந்துவிடும். மாதங்கள் செல்லச் செல்ல அதே அரிசி கூடுதல் தண்ணீர் கேட்கும். இதை எந்தச் செய்முறைப் புத்தகத்தின் 'ஒரு கோப்பைக்கு இரண்டு கோப்பை' என்ற கணக்கும் சொல்லித்தராது. அரிசியைப் பார்த்து அளவை மாற்றத் தெரிந்தவரே சமைக்கத் தெரிந்தவர்.

ஆகவே, உங்கள் திறமையை மதிப்பிட எத்தனை கறி வகைகள் தெரியும் என்று எண்ணவேண்டாம். சொதி ஒன்று வையுங்கள். வெங்காயமும் பச்சை மிளகாயும் இரண்டாம் பாலில் வெந்தபின் முதற்பாலை விட்டு, பொங்கித் திரையுமுன் இறக்கி, தேசிக்காய்ப் புளியை அதன்பிறகே விடுகிறீர்களா? ஏன் அப்படிச் செய்கிறோம் என்று இன்னொருவருக்கு விளக்க முடிகிறதா? முடியுமானால் நீங்கள் தேறிவிட்டீர்கள். முடியாவிட்டால் ஒரு வாரம் அதே சொதியை வைத்துப் பழகுங்கள். ஒவ்வொரு நாளும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஒருநாள் உப்பு, ஒருநாள் புளி, ஒருநாள் நெருப்பின் அளவு. ஏழு புதிய கறிகளை ஒவ்வொரு தடவை சமைப்பதைவிட இது அதிகம் கற்பிக்கும்.

இது பொழுதுபோக்கு விடயமல்ல. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் நிவாரண அரிசி, பருப்பு, கோதுமை மாவைக் கொண்டே வன்னிப் பெண்கள் பிள்ளைகளின் பசியாற்றினார்கள். 2022இல் எரிவாயு கிடைக்காதபோது, விறகடுப்பு மூட்டத் தெரிந்த வீடுகளிலேயே நேரத்துக்குச் சோறு வெந்தது.

போருக்குப் பின், கணவனை இழந்த பெண்கள் பலர் வயலுக்கும் கூலிவேலைக்கும் சென்று குடும்பத்தைத் தாங்குகிறார்கள். மாலையில் களைத்து வரும் தாய்க்காக ஒரு சோறும் சொதியும் ஆக்கிவைக்கத் தெரியாத வளர்ந்த மகன், அந்த வீட்டுக்கு இன்னொரு சுமையே. நமது பையன்களுக்கும் அகப்பையைக் கொடுப்போம்.