பாடும் வேளையிலும் முகக்கவசம்

கோவில் வாசலில் கைகழுவி, குறித்துவைத்த இடைவெளியில் அமர்ந்து, முகக்கவசமும் தரித்துப் பூசை காண வந்த நம் ஜனங்கள், முதற் கீதம் தொடங்கிய மாத்திரத்தில் அந்தக் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிடுவதை, இலங்கை மலையகத்து வெலிமடைப் பகுதித் தோட்டக் கோவில்களில், கொரோனாத் தொற்றுப் பரவிய 2021ஆம் ஆண்டுத் தவக்காலம் நெடுகிலும் மிகுந்த மனவருத்தத்தோடு கண்டு வந்தேன். வாசகம் படிக்க எழுந்து வந்தவர், தம் குரல் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தினாலேயே அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்; அடுத்து வந்தவரும் அதே ஒலிவாங்கியின் முன் நின்று அவ்வாறே செய்தார். வாயை மூடி மூக்கை வெளியே விட்டிருந்தோரும் வரிசைக்கு வரிசை இருந்தார்கள். மௌனமாய் இருக்கும் நேரமெல்லாம் அணிந்திருந்து, வாய் திறக்கும் நேரத்தில் கழற்றிவிடுகின்ற இந்த வழக்கம், கவசத்தின் பிரயோஜனத்தையே இல்லாமற் செய்துவிடுகின்றது.

ஏனெனில், மூச்சோடு வெளிப்படும் நுண்துளிகள் பேசும்போது பெருகுகின்றன. உரத்துப் பாடும்போது அதனினும் பெருகுகின்றன. அவற்றுள் பெரியவை அருகிலேயே விழ, மிகச் சிறியவை அடைத்த அறையின் காற்றில் நெடுநேரம் மிதந்து நிற்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்னும் ஊரில், 2020 மார்ச் 10ஆம் திகதி, ஒரு தேவாலய மண்டபத்தில் இரண்டரை மணி நேரம் கூடிப் பாடிப் பழகிய பாடகர் குழுவினர் 61 பேரில், நிச்சயமாகவும் அநேகமாகவும் நோய் கண்டவர்கள் என்று எண்ணப்பட்டோர் 53 பேர். அவர்களில் இருவர் இறந்துபோயினர். அதற்கு ஐந்து நாட்களின் பின், மார்ச் 15ஆம் திகதி, நம் நாட்டிலேயே யாழ்ப்பாணத்து அரியாலையில், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த போதகர் ஒருவர் நடத்திய ஆராதனையின் பின்னரே, வடபுலத்தின் முதல் நோயாளர்கள் அடையாளம் காணப்பட்டார்கள். இவ்விரு இடங்களிலும் கூடியவர்கள் பாவம் ஏதும் செய்தவர்கள் அல்லர். ஆண்டவரைத் துதிக்க வந்தவர்களும், அதற்கென்று குரலைப் பழக்க வந்தவர்களுமே. அன்று அவர்கள் அறியாதிருந்ததை நாம் இன்று அறிந்திருக்கிறோம் என்பது ஒன்றே வித்தியாசம். அந்த அறிவு நம்மேல் ஒரு கடமையைச் சுமத்துகின்றது.

1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ், 2020 ஒக்டோபரில் பிறப்பிக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், பொது இடத்தில் முகக்கவசம் அணியாதவருக்குப் பத்தாயிரம் ரூபா வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமளித்தன. ஆயினும் தண்டத்தைக் காட்டி அச்சுறுத்துவது என் நோக்கமன்று. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் பாட்டன்மாரில் முந்தி வந்தவர்கள் வடக்கு வீதியின் காடுகளூடே கால்நடையாய் வந்து, வாந்திபேதி கண்டு வழிநெடுக மாண்டார்கள். பிந்தி வந்தவர்கள் இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் தடுத்து நிறுத்திச் சோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டார்கள். அக்காலத்தில் நோய்த்தடுப்பு என்பது துரைத்தனம் நம்மீது செலுத்திய அதிகாரமாயிருந்தது. நம்மைக் கேட்டு ஒருவரும் அதைச் செய்ததில்லை. இன்றோ, யாருடைய அதட்டலும் இன்றி, பக்கத்தில் முழந்தாளிடும் சகோதரரை முன்னிட்டு நாமாகவே செய்யக்கூடிய காரியமாக அது நம் கைக்கு வந்திருக்கின்றது.

அந்தச் சகோதரர் யார், அவர் எங்கே திரும்பிப் போகிறார் என்பதையும் நாம் நினைக்கவேண்டும். பூசை முடிந்து அவர் போவது, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயத்துக் காம்பிராவுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறைக்கு. அங்கே கிழவியும் கைக்குழந்தையும் ஒரே கூரையின் கீழ் படுத்துறங்குகின்றார்கள். ஒருவருக்கு நோய் கண்டால் ஒதுங்கிப் படுக்க இன்னோர் அறை இல்லை. பதினான்கு நாள் தனிமைப்படுத்தினால் பதினான்கு நாளும் செக்ரோல் என்னும் வேலை வரவுப் பதிவில் பேர் விழாது, கூலியும் இராது. பேர் விழாத வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? ஆகவே, மூக்குக்குக் கீழே நழுவிய ஒரு துணித்துண்டு, ஒரு குடும்பத்தின் சோற்றையே பறித்துவிடக்கூடியதாயிருக்கின்றது.

நம் மலைப்பிரதேசத்துக்கென்றே இரண்டு விசேஷ அபாயங்கள் உள்ளன. ஒன்று, பனிக்கும் கூதலுக்கும் அஞ்சி நாம் கோவிலின் கதவு சன்னல்களை இறுக மூடிக்கொள்வது. வெளிக்காற்று நுழையாத இடத்தில் நூறு பேரின் மூச்சு தேங்கி நிற்கும். மற்றொன்று, துவைத்த துணிக் கவசம் லயத்து வாசற் கம்பியில் இரண்டு நாளானாலும் காயாமலிருப்பதும், அந்த ஈரத்தோடேயே அதை அணிந்து வருவதும். ஈரமான கவசத்தில் மூச்சு விடுவது கஷ்டம் ஆதலால், அது தானே மூக்கைவிட்டு இறங்கிவிடுகின்றது. ஆளுக்கு இரண்டு மூன்று கவசங்களைத் தைத்து வைத்துக்கொண்டு, அடுப்படியின் சூட்டில் காயவைத்தல் நன்று. கடையில் வாங்குவதாயின், நிறமுள்ள பக்கம் வெளியே இருக்க, மேல்விளிம்பிலுள்ள மெல்லிய கம்பியை மூக்குத்தண்டின் இருபுறமும் விரலால் அழுத்திப் படியவைத்து, மடிப்புகளைத் தாடைக்குக் கீழ்வரை இழுத்துவிட வேண்டும். கழற்றும்போது முன்புறத்தைத் தொடாமல் காதுப் பட்டியைப் பிடித்தே கழற்றவேண்டும். பெண்கள் முக்காட்டின் நுனியை வாயருகே பிடித்துக்கொள்வது பக்திக்கு அழகுதான். கவசத்துக்கு அது ஈடாகாது.

"கர்த்தர் காப்பார் என்கிற விசுவாசம் இருக்க, இந்தத் துணி எதற்கு?" என்று உண்மையான பக்தியோடு கேட்ட பெரியவர்கள் உண்டு. தேவாலயத்து உச்சியிலிருந்து குதித்துக் காட்டும்படி சோதனைக்காரன் இயேசுவிடம் சொன்னபோது, தூதர்கள் தாங்குவார்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனாலும் அவர் குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சிப்பது வேறு, தேவன்மேல் நம்பிக்கை வைப்பது வேறு என்பதை அதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறில்லை. மேலும், முகக்கவசம் அணிபவரைக் காப்பதிலும் அதிகமாக அயலாரைக் காக்கின்றது. ஆகையால் அதை அணிவது விசுவாசக் குறைவாகாமல், அயலாரிடத்து அன்பு என்னும் கற்பனையின் நிறைவேற்றமே ஆகின்றது.

2020ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று ஊரடங்கினால் கோவில்கள் அடைபட்டிருக்க, பூசையைத் தொலைக்காட்சியில் கண்டோம். 2021இல் ஏப்ரல் 4ஆம் திகதி அப்பெருநாள் வந்தது. தடுப்பூசி அவ்வாண்டு ஜனவரி இறுதியில் நாட்டில் தொடங்கியிருந்தாலும், லயத்துச் சனங்கள் யாவருக்கும் அது கிடைக்கும் நாள் அப்போது வந்திருக்கவில்லை. எனவே உபதேசியார்மாரிடமும் பாடகர் குழுத் தலைவர்களிடமும் அப்போது நான் வணக்கத்தோடு வேண்டிக்கொண்டது இது: பாடுவோர் தொகையைக் குறையுங்கள், பல்லவிகளைச் சுருக்குங்கள், குளிர்ந்தாலும் சன்னல்களைத் திறந்து வையுங்கள், வாசகம் படிப்பவர் கவசத்தோடே படிக்கட்டும், இல்லாதவருக்குக் கொடுக்க வாசலில் சில கவசங்களை வைத்திருங்கள். மூக்கை மூட மறந்தவரைச் சபையறிய அதட்டாமல், பக்கத்தில் இருப்பவரே, "அண்ணே, கொஞ்சம் மேலே இழுத்து விடுங்க" என்று மெல்லச் சொல்லலாம். சொல்லப்பட்டவரும் அதை அவமானமாகக் கொள்ளாமல் நன்றியோடு ஏற்கலாம். உயிர்ப்புப் பெருவிழாவைப் பாடி முடித்தவர்கள் பதினான்கு நாள் கழித்தும் ஒருவர் குறையாமல், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்து நிற்பார்களாயின், அந்த ஆராதனை முறையாக நடந்தது என்று நாம் தைரியமாகச் சொல்லலாம்.