வரி முடியும் இடம்

பழைய தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரு வேலைகள் உண்டு. எழுத்துத் தாங்கியைத் தொடக்கத்துக்கு மீட்டல் ஒன்று. தாளை ஒரு வரி நகர்த்தல் மற்றொன்று. தொலைதட்டச்சுப் பொறிகள் இவற்றுக்குத் தனித்தனிக் குறிகளை வழங்கின. 1963 இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறியீட்டில் முன்னது 13, பின்னது 10. அப்பொறிகள் மறைந்தன, குறிகளோ கணனியுள் நிலைத்துவிட்டன. விண்டோஸ் வரிமுடிவில் இரண்டையும் இடுகிறது; லினக்ஸ் 10ஐ மட்டுமே இடுகிறது.

கண்ணுக்குப் புலனாகாத இவ்வேறுபாட்டால் வருந்தீங்கு யாது? மாணவர் இருவர், ஒருவர் விண்டோஸிலும் மற்றவர் லினக்ஸிலும், ஒரு செய்நிரலைக் கூட்டாக எழுதுகின்றனர் என்க. யார், எப்போது, எவ்வரியைத் திருத்தினார் என்பதை, லீனஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் ஆக்கிய ‘கிற்’ என்னும் மென்பொருள் காட்டும். ஒருவருடைய கணனி கோப்பு முழுவதன் வரிமுடிவையும் மாற்றிவிடின், ஒரு சொல்லைத் திருத்தியவர் ஆயிரம் வரிகளையும் திருத்தியவராகக் கணக்கில் ஏறுவார். மெய்யான திருத்தம் அவற்றுள் மறைந்துபோம்.

இத்தகைய இடர் நம்மவர்க்குப் புதிதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) கலித்தொகையை 1887 இல் அச்சேற்றினார். ஏட்டுச் சுவடிகளிலே செய்யுளடிகள் பிரிக்கப்படாது தொடர்ந்து ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. எழுதும் வழக்கால் வந்த வேறுபாடு எது, பொருளை மாற்றும் பாடபேதம் எது எனப் பகுத்தறிதலே பதிப்பாசிரியர் கடனாயிற்று. கிற்றைக் கையாள்வோருக்கும் அதுவே கடன்.

பரிகாரம் எளிது. களஞ்சியத்திலே ‘கிற் அட்ரிபியூட்ஸ்’ என்னும் விதிக்கோப்பை வைத்து, உரைக்கோப்புகள் யாவும் 10 என்னும் ஒரே முடிவோடு சேமிக்கப்படுமாறு விதித்தல் வேண்டும். அவரவர் எடுக்கும்போது கணனிக்கேற்ற முடிவைக் கிற் இட்டுக்கொடுக்கும். படங்களை இவ்விதியினின்று விலக்குக. குறி மாறினாற் படம் கெடும். முன்னரே கலந்துபோன கோப்புகளை ஒருமுறை சீராக்கித் தனிப் பதிவாக வைக்க. வேறு திருத்தம் எதனையும் அதனோடு சேர்த்தலாகாது.

விதி அவரவர் கணனியில் இராது களஞ்சியத்திலே இருப்பதால், நாளை வந்து சேர்பவரையும் அது கட்டுப்படுத்தும். இறுதியாண்டுச் செயற்றிட்டம் தொடங்கும் மாணவர் இதனை முதல் நாளே செய்துகொள்வாராக. எவருடைய உழைப்பு எது என ஆசிரியர் வினவும் நாளில், அப்பதிவேடே சான்று கூறும்.