படம் போட்டால் சோறு கிடைக்குமா?

திருப்பூரில் ஒரு வீடு. வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் டெய்லர். அவர் மனைவிக்குச் செக்கிங் வேலை. அவர்களுக்கு ஒரே பையன். வயது 12.

நான் போனபோது பையன் தரையில் குப்புறப் படுத்திருந்தான். கையில் அப்பாவின் டெய்லர் சாக்பீஸ். எதிரே ஒரு பழைய அட்டை. அதில் குரங்கு வரைந்திருந்தான்.

ஒரு குரங்கு அல்ல, ஆறு குரங்குகள்! முதல் குரங்கு கிளையில் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது குரங்கு காலை மடக்கியது. ஆறாவது குரங்கு அந்தரத்தில் பறந்தது!

"பாத்தீங்களாங்க? பொழுதன்னிக்கும் இதே வேலைதானுங்க. படம் போட்டாச் சோறு கிடைக்குமாங்க?" என்று தாய் கேட்டார்.

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். ஒருவருக்குக் கிடைத்தது. அவர் பெயர் ராம்மோகன்.

ரசாயனம் படித்தவர்

ராம்மோகன் 1931-ல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்தார். (திருப்பூர்க்காரராக இருந்தால் சாயப்பட்டறைக்கு அனுப்பியிருப்பார்கள்!) ஆனால் அவர் பம்பாய்க்குப் போய் 1956-ல் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார்.

அங்கே தொழில் கற்றுக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெயர் கிளேர் வீக்ஸ். வால்ட் டிஸ்னியின் கம்பெனியில் வேலை பார்த்தவர்.

கார்ட்டூன் சினிமா என்றால் விளையாட்டு அல்ல. திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடும். ஒரு நிமிடத்துக்கு 1,440. ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டிச் சமாளித்தாலும், ஒரு நிமிடத்துக்கு 720 படம் வரைய வேண்டும். கம்பெனியில் பீஸ் கணக்கு பார்க்கிறவர்களுக்கு இந்த உழைப்பு புரியும்.

1968-ல் அவர் பிரசாத் புரொடக்‌ஷன்ஸின் கார்ட்டூன் பிரிவுக்குத் தலைவரானார். 1972-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். சத்யஜித் ராய் 1977-ல் எடுத்த 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' படத்திலும் இவருடைய கார்ட்டூன் காட்சி உண்டு.

ஜப்பானியர் எடுத்த ராமாயணம்

யுகோ சாகோ என்ற ஜப்பானியருக்கு ராமாயணத்தின் மேல் ஆசை வந்தது. அதைக் கார்ட்டூனாக எடுத்தார். கோய்ச்சி சசாகியோடு ராம்மோகனும் சேர்ந்து இயக்கினார். வேட்டி எப்படிக் கட்டுவது, பெரியவர்களை எப்படி வணங்குவது என்பதெல்லாம் ஜப்பானிய ஓவியர்களுக்குத் தெரியுமா? நம்மவர்கள்தான் சொல்லித்தந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் முடிந்த படம் அது. 2025 ஜனவரியில் தமிழிலும் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்தது!

மாம்பழம் கேட்ட மீனா

எனக்கு ராமனைவிட மீனாவைத்தான் அதிகம் பிடிக்கும்.

யுனிசெப் நிறுவனத்துக்காக ராம்மோகன் உருவாக்கிய சிறுமி அவள். அவளுக்கு ராஜு என்று ஒரு தம்பி. மிட்டு என்று ஒரு கிளி. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய நான்கு நாட்டுத் தாய்மாரும் அவளைப் பார்த்து "இவள் நம் வீட்டுப் பெண்" என்று சொல்ல வேண்டும். அதுதான் நிபந்தனை. முகம் எப்படி? உடை எப்படி? படங்களை ஊர் ஊராக மக்களிடம் காட்டினார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்தினார்கள். மீனா என்ற பெயரும் எல்லா மதத்தாருக்கும் பொருந்தும் பெயர்தான்.

ஒரு கதையில் வீட்டுக்கு மாம்பழம் வருகிறது. பையனுக்குப் பெரிய துண்டு, பெண்ணுக்குச் சிறிய துண்டு! ஏன் என்று மீனா கேட்கிறாள். ஒரு நாள் இருவரும் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். மீனாவின் வேலையைச் செய்து பார்த்த ராஜு களைத்துப் போகிறான்.

இன்னொரு கதை. மீனாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் கிளியை அனுப்பி எண்கள் கற்றுக்கொள்கிறாள்!

கைமடிக்கப் போய்ப் படிப்பை விட்ட பெண்களைத் திருப்பூருக்குத் தெரியும். அவர்களுக்கு இது கார்ட்டூன் கதையாகவா தோன்றும்?

யார் வரைந்த பொம்மை?

திருப்பூரில் தைக்கும் குழந்தைச் சட்டைகளைப் பாருங்கள். நெஞ்சில் எலி, பூனை, பெரிய கண் வைத்த ஜப்பான் பொம்மை. நூல் நம்முடையது, சாயம் நம்முடையது, தையலும் நம்முடையது. பொம்மை மட்டும் வெளிநாட்டான் வரைந்தது! ஏற்றுமதி ஆர்டர் என்றால் வாங்குகிறவன் அனுப்பும் படத்தைத்தான் அச்சடிக்க வேண்டும், சரி. உள்ளூரில் விற்கும் சட்டைக்குமா அதே பூனை? நம் ஊர்ப் பிள்ளை வரைந்த குரங்கைப் போட்டால் வாங்கமாட்டார்களா? கம்பெனி முதலாளிகள் ஒருமுறை முயற்சி செய்து பார்க்கலாம்.

படிப்பை விட்டுவிட்டுப் படம் வரையட்டும் என்று நான் சொல்லவில்லை. ராம்மோகனும் பட்டதாரிதான். வரைகிற எல்லோருக்கும் வேலை கிடைக்கும் என்றும் சொல்லமாட்டேன். அது பொய். ஆனால் 12 வயதில் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்குவது நியாயமா? தைத்த துணியைச் செக்கிங் செய்வதுபோல, பிள்ளையிடம் பிசிறை மட்டுமே தேடலாமா?

ராம்மோகனுக்கு 2014-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 2019-ல் காலமானார்.

அந்தப் பையனுக்கு ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்கிக் கொடுத்தேன். அவன் அம்மா சிரித்தார். "காசைக் கரியாக்குறீங்களேங்க" என்றார். ஆனால் தாளைப் பத்திரமாக அலமாரியில் எடுத்து வைத்தார்.

ஏழாவது குரங்கு எங்கே போய் இறங்கும் என்று பையனைக் கேட்டேன்.

"மரம் இன்னும் வரையலீங்க" என்றான்.